சாம்பலும் வாளியும்: விக்டோரியா காலத்து மான்செஸ்டரில் குப்பை அள்ளல், ஒரு நிகழ்வு ஆய்வு

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தொழில் நகரங்களைப் பற்றிப் பேசும்போது நாற்றத்தையும் நோயையும் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் சாக்கடைத் திட்டம் வந்தது, எல்லாம் சரியாயிற்று என்று முடித்துவிடுவது வழக்கம். மான்செஸ்டர் அந்த வழியில் போகவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்த நகரம் தன் கழிவைத் தண்ணீரில் தள்ளாமல் வண்டியில் அள்ளியது. அதற்காகத் தெருப் பெருக்கும் இயந்திரம், சல்லடை வைத்த கழிப்பிடம், வாளி மாற்றும் வண்டி, குப்பை எரிக்கும் சூளை, சதுப்பு நிலப் பண்ணை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்தது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. அள்ளுவதைவிட, அள்ளியதை வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பதுதான் கடினமாக இருந்தது. வாங்குகிறவர் கைவிட்ட ஒவ்வொரு முறையும் நகரம் தன் அள்ளும் முறையையே மாற்ற வேண்டி வந்தது.

குப்பையில் என்ன இருந்தது

மான்செஸ்டர் 1838-இல் நகராட்சியானது. 1851 கணக்கெடுப்பில் மக்கள்தொகை மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. சமையல், குளிர்காய்தல், வெந்நீர் எல்லாமே நிலக்கரி அடுப்பில்தான். காய்கறித் தோல், காகிதம், கிழிசல் துணி என எரியக்கூடியதெல்லாம் பெரும்பாலும் அதே அடுப்புக்குள் போய்விடும். ஆகவே வீட்டுக் குப்பை என்றால் முதன்மையாகச் சாம்பல், பாதி எரிந்த கரித்துண்டுகள், அவற்றோடு உடைந்த பீங்கான், கண்ணாடி, எலும்பு, சிப்பி ஓடு. காய்ந்தது, கனமானது, அதிகம் அழுகாதது. இது தனியாக இருந்திருந்தால் நகரத்துக்கு இவ்வளவு தொல்லை இருந்திருக்காது. லண்டனில் அப்படித்தான் தனியாக இருந்தது. மெல்லிய சாம்பல் செங்கல் மண்ணில் கலக்கப் போகும், கரித்துண்டு சூளையில் செங்கல் சுடப் போகும். ஒரு காலத்தில் குப்பை ஒப்பந்தக்காரர்கள் அள்ளுவதற்குத் தாங்களே பணம் கொடுத்தார்கள்.

மான்செஸ்டரில் வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் இல்லை, நீர்க் கழிப்பிடமும் இல்லை. கொல்லையில் ஒரு கழிப்பிடம், அதன் பின்னால் செங்கல் கட்டிய சாம்பல் குழி. இரண்டும் ஒன்றோடொன்று திறந்திருக்கும். மலத்தின் மேல் சாம்பலைக் கொட்டினால் ஈரத்தை உறிஞ்சும், நாற்றம் அடங்கும், கலவை உரமாகும் என்பது கணக்கு. கணக்கு தவறில்லை, அளவு சரியாக இருந்தால். ஆனால் ஒரே குழியைப் பல வீடுகள் பகிர்ந்துகொண்டன. மேலே கூரை இல்லாத குழியில் மழை இறங்கியது. பாத்திரம் கழுவிய நீரும் அதிலேயே போயிற்று. உலர்ந்த கலவையாக இருக்க வேண்டியது கூழாகி, செங்கல் இடுக்கு வழியே பக்கத்து மண்ணில் ஊறியது.

காலி செய்யும் முறை இன்னும் மோசம். குழி பெரியது, மாதக்கணக்கில் நிறையும். நடு இரவுக்குப் பிறகு ஆட்கள் வருவார்கள். கொல்லைக்கு வண்டி போக வழியில்லாத இடங்களில், மண்வாரியால் வெட்டி எடுத்துக் கூடையில் சுமந்து, சந்து வழியாகவோ வீட்டுக்குள் புகுந்தோ வெளியே கொண்டுவந்து தெருவில் குவிப்பார்கள். அங்கிருந்து வண்டியில் ஏற்றுவார்கள். ஒரே பொருளை இரண்டு முறை அள்ளும் வேலை இது. விடிந்து பார்த்தால் குவித்த இடத்தில் ஒரு படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது அப்போதிலிருந்து தெருப் பெருக்குபவரின் பொறுப்பு. வீட்டுக் கழிவும் தெருக் கழிவும் வெவ்வேறு கணக்கில் இருந்தாலும், அழுக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது.

விட்வொர்த்தின் பெருக்கும் வண்டி

தெருவுக்கென்று தனி அழுக்கும் இருந்தது. ஒரு குதிரை ஒரு நாளில் பதினைந்து கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும். ஜல்லி போட்டு இறுக்கிய சாலையில் இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் கல்லை அரைத்துப் பொடியாக்கும். மழையில் அது சேறு, வெயிலில் புழுதி. பஞ்சாலைப் புகைக்கரி வேறு மேலே படியும்.

திருகு மரை அளவுகளை ஒழுங்குபடுத்தியதற்காக இன்றும் பேசப்படும் ஜோசப் விட்வொர்த், மான்செஸ்டரில் பட்டறை வைத்திருந்தவர். குதிரை இழுக்கும் பெருக்கும் இயந்திரம் ஒன்றை அவர் உருவாக்கினார். சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் 1842-இல் வெளியிட்ட தொழிலாளர் சுகாதார அறிக்கையிலேயே அது இடம்பெற்றுவிட்டது. அமைப்பு எளிமையானது. சாதாரண வண்டிதான், ஆனால் ஏற்றுவதற்கு வசதியாக அதன் தொட்டி தரைக்கு மிக அருகில் தாழ்த்தி வைக்கப்பட்டிருக்கும். பின்னால் இலேசான தேனிரும்புச் சட்டம். அதில் முடிவில்லாச் சங்கிலியில் வரிசையாகத் துடைப்பங்கள். வண்டிச் சக்கரம் உருள உருளச் சங்கிலியும் சுற்றும். ஒவ்வொரு துடைப்பமும் தரையைத் தேய்த்து, சேற்றை ஒரு சாய்பலகை வழியே மேலேற்றித் தொட்டியில் தள்ளும். அள்ள ஓர் ஆள், ஏற்ற ஓர் ஆள் என்ற தேவை இல்லை.

கையால் பெருக்குபவர் ஒரு நாளில் 1,000 முதல் 1,500 சதுர கெஜம் வரை பெருக்குவார். குதிரை மணிக்கு 2 மைல் நடந்தால் இந்த வண்டி நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 சதுர கெஜம் பெருக்கும். துடைப்ப வரிசையின் அகலம் சுமார் ஒரு கெஜம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வருகிறது: 2 மைல் என்பது 3,520 கெஜம், அதை 60 நிமிடத்தால் வகுத்தால் 58 சொச்சம். ஓடும் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று ஆட்களின் முழு நாள் வேலை முடிந்துவிடும்.

ஆனால் “ஓடும்” என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. தொட்டி நிறைந்ததும் வண்டி கொட்டும் இடம் வரை போய்த் திரும்ப வேண்டும். அந்த நேரம் முழுவதும் துடைப்பம் சும்மா தொங்கும். கொட்டும் இடம் தொலைவில் இருந்தால் ஆதாயம் கரைந்துவிடும். அடுத்தது தரை. குழி விழுந்த சாலையில் துடைப்பம் மேடுகளைத் தேய்த்துவிட்டுப் பள்ளத்தில் சேற்றை அப்படியே விட்டுச் செல்லும். அழுத்தத்தைக் கூட்டினால் ஜல்லிச் சாலையில் கல்லையே கிளப்பும், துடைப்பமும் சீக்கிரம் தேயும். சந்துகளுக்குள்ளும் கொல்லை முற்றங்களுக்குள்ளும் வண்டி நுழையவே நுழையாது. அழுக்கு அதிகம் இருந்த இடமோ அதுதான்.

ஆகவே இயந்திரம் வந்த பிறகும் நீளத் துடைப்பமும் மண்வாரியும் போகவில்லை. கையால் பெருக்குவதிலும் ஒரு முறை உண்டு. தெருவின் நடுமேட்டிலிருந்து ஓரக் கால்வாய் நோக்கித் தள்ளி, அங்கே சிறு சிறு குவியலாக்கி, வண்டி வருமுன் சாக்கடை வாயிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். அவசரத்தில் சேற்றைச் சாக்கடை வாய்க்குள் தள்ளிவிட்டால் அன்றைய தெரு சுத்தம்தான். ஆனால் கீழே மண் தங்கும் தொட்டி நிறைந்து, அடுத்த மழையில் நீர் தெருவில் நிற்கும். அந்தத் தொட்டியை நீளக் கைப்பிடி அகப்பையால் தோண்டி எடுப்பது பெருக்குவதைவிடப் பல மடங்கு வேலை.

தெருச் சுத்தத்தில் பெரிய முன்னேற்றம் துடைப்பத்தால் வரவில்லை, தரையால் வந்தது. மான்செஸ்டர் அடங்கிய லங்காஷயர் மாவட்டத்தின் நகரங்களில் ஜல்லிச் சாலையை எடுத்துவிட்டுச் செதுக்கிய கருங்கல்லைப் பாவி, இடுக்குகளில் பொடிக்கல்லும் காய்ச்சிய கீலும் ஊற்றினார்கள். கல் தேய்ந்து சேறாவது குறைந்தது. இடுக்கில் சாணம் புகவில்லை. நீரும் கீழே இறங்கவில்லை. அதன் பிறகு பெருக்குபவர் எடுக்க வேண்டியது மேலே விழுந்ததை மட்டும்தான்.

வாளி

1868-இல் மான்செஸ்டர் தன் முதல் சுகாதார அதிகாரியாக ஜான் லீயை நியமித்தது. குழியை ஒழிக்காமல் எதுவும் நடக்காது என்பது அவர் நிலைப்பாடு. நீர்க் கழிப்பிடத்துக்கு நகரம் தயாராக இல்லை. லாங்டென்டேல் பள்ளத்தாக்கில் 1848-இல் தொடங்கிய நீர்த்தேக்கப் பணி 1877-இல்தான் நிறைவடைந்தது. வளரும் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் அதுவே இழுபறி. இர்வெல் ஆறோ ஏற்கெனவே சாயக்கழிவால் நிறைந்து கிடந்தது. எனவே 1870-களில் மாநகராட்சி எடுத்த முடிவு: குழி வேண்டாம், வாளி வை. நம் ஊர்களில் எடுப்புக் கக்கூஸ் என்று சொல்லப்பட்டதன் இன்னொரு வடிவம்தான் அது.

பக்கத்து ஊரான ராச்டேல் இதில் முந்திக்கொண்டது. அங்கே பழைய எண்ணெய்ப் பீப்பாய்களைக் குறுக்கே அறுத்துத் தொட்டியாக்கி இருக்கைக்கு அடியில் வைத்தார்கள். சாம்பலுக்குப் பக்கத்திலேயே தனித் தொட்டி. இரண்டும் கலக்கக் கூடாது என்பதில் ராச்டேல் பிடிவாதமாக இருந்தது. மான்செஸ்டர் அந்த முறையை எடுத்துக்கொண்டது. ஆனால் இந்த ஒரு விதியை மட்டும் மாற்றியது. பின்னால் வந்த தொல்லைகளில் பாதிக்கு அந்த மாற்றம்தான் காரணம் என்று நினைக்கிறோம்.

மான்செஸ்டர் கழிப்பிடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இருக்கைக்குக் கீழே துத்தநாகம் பூசிய இரும்பு வாளி. வாளிக்கு மேல், சுவரில் ஒரு கொட்டுவாய். அதற்குள் சாய்வாக ஒரு சல்லடை. காலையில் அடுப்பிலிருந்து அள்ளிய சாம்பலை வீட்டுப் பெண் இந்தக் கொட்டுவாயில் போடுவார். மெல்லிய சாம்பல் சல்லடைக் கண் வழியே நேராக வாளிக்குள் மலத்தின் மேல் விழும். கரித்துண்டுகள் சாய்வில் உருண்டு வெளியே வரும். அவற்றை எடுத்துப்போய் மறுபடி அடுப்பில் போடலாம். ஒரே அசைவில் மூடலும் நடந்தது, எரிபொருளும் மிஞ்சியது. ஏழைக் குடும்பத்துக்குக் கரி மிச்சம் சிறிய விஷயமில்லை. மக்கள் இதை ஏற்றுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அள்ளும் வரிசை இப்படி: மூடிய வண்டி பகலிலேயே வரும். அதில் ஒவ்வொரு வாளிக்கும் தனி அறை. கொல்லைச் சந்துக் கதவு வழியாக ஆள் உள்ளே போய், நிறைந்த வாளியின் மேல் இறுக்கமான மூடியைப் போட்டு வெளியே எடுப்பார். கழுவி மருந்து தெளித்த வெறும் வாளியை அதே இடத்தில் வைப்பார். வாரம் ஒரு முறையாவது இது நடக்க வேண்டும். பணிமனையில் வாளிகளைக் கொட்டி, கழுவி, கார்பாலிக் என்ற கிருமிநாசினித் தூள் தூவித் திருப்பி அனுப்புவார்கள். அந்தத் தூளும் மான்செஸ்டரின் பிள்ளைதான். ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளரும் அலெக்சாண்டர் மக்டூகலும் 1854-இல் உருவாக்கியது. எரிவாயு ஆலைகளில் மிஞ்சிய நிலக்கரித் தாரிலிருந்து மூலப்பொருள் தாராளமாகக் கிடைத்தது.

குழியோடு ஒப்பிட்டால் இது பெரிய பாய்ச்சல். மாதக்கணக்கில் தேங்கியது ஒரு வாரத்துக்கு மேல் தங்கவில்லை. மண்ணில் ஊறுவது நின்றது. தெருவில் குவிப்பது நின்றது. ஆனால் முறை முழுவதும் ஒரே ஒரு நூலில் தொங்கியது: வண்டி சொன்ன நாளில் வர வேண்டும். குழி ஒரு வாரம் தாமதத்தைப் பொறுக்கும், வாளி பொறுக்காது. பனிக்காலத்தில் வழுக்கும் தெருவில் குதிரை ஏற முடியாத நாள், கூட்டம் தங்கிய வீடு, ஒரு வாளிக்கு இரண்டு குடும்பம் இருக்கும் முற்றம், இவற்றில் எங்கேயும் வாளி வழிந்துவிடும். வழிந்தால் இருக்கைக்கு அடியில் தரை பழையபடி குழியாகிவிடும். மூடி கோணலாகிப் போனால் தூக்கும்போது ஆளின் மேலேயே சிந்தும். எடையும் ஒரு சிக்கல்: பத்து கேலன் தண்ணீரே 45 கிலோ. அதில் சாம்பலையும் சேர்த்தால், ஒரு நாளில் எத்தனை முறை ஓர் ஆளால் அதைச் சந்தின் நீளத்துக்குச் சுமக்க முடியும்?

சட்டமும் இந்தக் காலத்தில் இறுகியது. 1875-ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு வீட்டுக் குப்பை அகற்றலையும் தெரு சுத்தத்தையும் உள்ளாட்சியின் கையில் கொடுத்தது. அரசு கட்டளையிட்டால் அது கட்டாயக் கடமை. 43-ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. குப்பை எடுக்கச் சொல்லி வீட்டுக்காரர் எழுத்தில் அறிவித்த பின் 7 நாளில் எடுக்காவிட்டால், நாளொன்றுக்கு 5 ஷில்லிங் வரை உள்ளாட்சி அவருக்கே தண்டம் கட்ட வேண்டும்.

உரம் விலைபோகவில்லை

வாளிகள் போய்ச் சேர்ந்த இடம் ஹோல்ட் டவுன் பணிமனை. அங்கே மலத்தை உலர்த்தி, இறைச்சிக்கூட ரத்தமும் மீன் கழிவும் சேர்த்து, விற்கத்தக்க உரமாக்க முயன்றார்கள். ராச்டேலிலும் இதே வேலைதான். அங்கே அமோனியா ஆவியாகிப் போகாமல் இருக்கக் கந்தக அமிலம் சேர்த்தார்கள், வீடுகளிலிருந்து வந்த கரித்துண்டுகளையே எரித்து உலர்த்தினார்கள்.

கணக்கு எங்கே இடித்தது என்றால், மனிதக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். சிறுநீரும் சேர்ந்தால் நூற்றில் தொண்ணூறுக்கு மேல். அதை ஆவியாக்கக் கரி வேண்டும். ஆவியாக்காமல் அனுப்பினால் தண்ணீருக்கு வண்டிக் கூலி கொடுக்க வேண்டும். ராச்டேலின் கலக்காத சரக்கில் உரச்சத்து செறிவாக இருந்தது. மான்செஸ்டரின் சரக்கில் சல்லடை வழியே விழுந்த சாம்பல் பாதி. சாம்பலில் கொஞ்சம் சுண்ணமும் பொட்டாசியமும் உண்டே தவிர, தழைச்சத்து இல்லை. வீட்டில் வசதியாக இருந்த அதே சல்லடை, பணிமனையில் சரக்கின் விலையைக் குறைத்தது.

அதே காலத்தில் விவசாயிக்கு வேறு வழிகள் திறந்துவிட்டன. 1840-களிலிருந்து பெருவின் கடற்பறவை எச்சம் கப்பல் கப்பலாக வந்தது. 1842-இல் ஆங்கில வேளாண் ஆய்வாளர் ஜான் லாஸ் காப்புரிமை பெற்ற சூப்பர் பாஸ்பேட்டும், பிறகு தென்னமெரிக்க நைட்ரேட் உப்பும் மூட்டையில் கிடைத்தன. ஒரு மூட்டை நைட்ரேட்டில் இருக்கும் சத்துக்கு வண்டி வண்டியாக மலச்சாம்பல் வேண்டும். பக்கத்து மாவட்டமான செஷயரின் விவசாயி எதை வாங்குவார்? அதுவும் விதைக்கும் காலத்தில் மட்டும் வாங்குவார், நகரமோ ஆண்டு முழுவதும் உற்பத்தி செய்தது. வாங்காத மாதங்களில் சரக்கு படகுத்துறையில் மலையாகக் குவிந்தது.

சூளை

விலைபோகாததை எரிக்கலாம் என்ற யோசனை இங்கிருந்துதான் வந்தது. ஆல்பிரட் ஃப்ரையர் வடிவமைத்த குப்பை எரிசூளையை மன்லவ், ஆலியட் நிறுவனம் 1874-இல் நாட்டிங்காமில் கட்டியது. 1876-இல் மான்செஸ்டரிலும் வந்தது.

செங்கல்லால் கட்டிய அறைகள் வரிசையாக, முதுகோடு முதுகு ஒட்டி இருக்கும். வண்டி சாய்தளம் ஏறிச் சூளையின் தலைமேல் உள்ள மேடைக்கு வரும். அங்கே குப்பையைக் கொட்டி, வாய் வழியே உள்ளே தள்ளுவார்கள். உள்ளே முதலில் சாய்ந்த தளம். குப்பை அதில் கிடந்து சூட்டில் உலரும். பிறகு கீழே இரும்புக் கம்பித் தட்டுக்குச் சரிந்து எரியும். கரித்துண்டு கலந்திருந்ததால் பெரும்பாலும் வேறு எரிபொருள் தேவைப்படவில்லை. ஓர் அறை 24 மணி நேரத்தில் 6 முதல் 7 டன் வரை எரிக்கும். முன்புறக் கதவைத் திறந்து, நீளமான இரும்புக் கோலால் ஆள் கசடை இழுத்து எடுக்க வேண்டும். உருகிக் கண்ணாடிபோல் கட்டிய அந்தக் கசடு கம்பிகளில் ஒட்டிக்கொள்ளும். குத்திப் பெயர்க்காவிட்டால் காற்று புகாது, தீ மங்கும். கதவு திறந்திருக்கும் நேரமெல்லாம் குளிர்காற்று உள்ளே பாய்ந்து சூட்டைக் குறைக்கும். இந்த ஆளின் கைவேகம்தான் சூளையின் திறன்.

கொட்டியதில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கசடாக மிஞ்சும். ஆக, எரித்த பின்னும் அள்ள வேண்டியிருந்தது. நல்லவேளையாக இந்தக் கசடுக்கு வாங்குபவர் இருந்தார். சுண்ணாம்போடு சேர்த்து ஆலையில் அரைத்தால் கட்டடச் சாந்து, அப்படியே நொறுக்கினால் சாலை அடித்தளம். சூளை வெப்பத்தில் கொதிகலன் வைத்து, அந்த நீராவியாலேயே சாந்து ஆலையை ஓட்டினார்கள்.

முதல் சூளைகளின் குறை புகையில் இருந்தது. சாய்தளத்தில் உலரும் ஈரக் குப்பையின் ஆவி, தீயைத் தொடாமலே புகைபோக்கிக்குப் போயிற்று. கருகிய காகிதமும் நாற்றமும் அக்கம்பக்க வீடுகளில் இறங்கின. 1885-இல் ஈலிங் நகரப் பொறியாளர் சார்லஸ் ஜோன்ஸ் புகைபோக்கிக்கு முன்னால் இன்னொரு தீ வைத்து அந்த ஆவியை எரித்தார். நாற்றம் போனது, ஆனால் அந்தத் தீக்குத் தனியாகக் கரி வேண்டும். பிறகு வந்த ஹார்ஸ்ஃபால் சூளை, ஆவி வெளியேறும் வழியையே மாற்றி, தீயின் மிகச் சூடான பகுதியைக் கடந்துதான் அது போக முடியும்படி செய்தது. கம்பித் தட்டின் கீழே நீராவித் தாரையால் காற்றையும் ஊதியது. இதுதான் சரியான தீர்வு.

சதுப்பு நிலம்

மலத்தை மட்டும் சூளை லாபமாக எரிக்கவில்லை, ஈரம் விடவில்லை. எனவே மாநகராட்சி தானே விவசாயிக்குப் பதிலாக நின்றது. 1886-இல் நகரின் தென்மேற்கே கேரிங்டன் மாஸ் என்ற சதுப்பில் ஏறத்தாழ 1,100 ஏக்கரை வாங்கியது. 1895-இல் சாட் மாஸில் 2,600 ஏக்கர் அளவில் இன்னொன்று.

இந்த நிலம் ஆழமான கரிமண், புளிப்பு, கால் வைத்தால் அமிழும். முதலில் திறந்த வடிகால் வெட்டி நீரை இறக்க வேண்டும். மேலே முளைத்த புதரை அறுத்து எரிக்க வேண்டும். கரிமண் காய்ந்ததும் அமுங்கித் தாழும், வடிகாலை மறுபடி ஆழமாக்க வேண்டும். குதிரையின் குளம்பில் பலகை கட்டித்தான் ஓட்டுவார்கள். கனமான சரக்கை வண்டியில் கொண்டுபோக முடியாததால் குறுகிய இருப்புப்பாதை போட்டு, தள்ளுவண்டியில் கொண்டுபோய்ப் பரப்பினார்கள்.

உரச் சந்தை இகழ்ந்த சாம்பல் இங்கே பயன்பட்டது. கரிமண்ணுக்குத் தழைச்சத்தைவிட அதிகம் தேவைப்பட்டது தாதுவும், புளிப்பைக் குறைக்கும் சுண்ணமும், கால் ஊன்றக் கொஞ்சம் கெட்டித்தன்மையும். மான்செஸ்டர் வாளியில் இவை மூன்றும் இருந்தன. உருளைக்கிழங்கும் ஓட்ஸும் விளைந்தன.

தண்ணீர் வந்த பிறகு

வாளியின் முடிவை மருத்துவர்கள் எண்ணிக் காட்டினார்கள். நாட்டிங்காம் சுகாதார அதிகாரி பிலிப் பூபியர் 1887 முதல் 1896 வரை தன் நகரின் குடற்காய்ச்சலை (டைபாய்டு) கழிப்பிட வகைப்படி பிரித்தார். சாம்பல் குழி வீடுகளில் 37 வீட்டுக்கு ஒரு நோயாளி, வாளி வீடுகளில் 120-க்கு ஒன்று, நீர்க் கழிப்பிட வீடுகளில் 558-க்கு ஒன்று. குழியைவிட வாளி மூன்று மடங்கு பாதுகாப்பானது, நீர்க் கழிப்பிடமோ வாளியைவிட நாலரை மடங்கு பாதுகாப்பானது. ஈ வாளிக்கு வரும், பிறகு சமையலறைக்கு வரும், அவ்வளவுதான்.

மான்செஸ்டருக்கு இதற்கான வழி 1894-இல் திறந்தது. அந்த ஆண்டில்தான் ஏறத்தாழ நூறு மைல் வடக்கே உள்ள தர்ல்மியர் ஏரியின் நீர் நகருக்கு வந்து சேர்ந்தது. டேவிஹியூம் கழிவுநீர் நிலையமும் அதே ஆண்டு தொடங்கியது. உள்ளே வரத் தண்ணீரும் வெளியே போக இடமும் ஒருசேரக் கிடைத்த பிறகே வாளிகளை எடுக்க முடிந்தது. அதுவும் ஒரே நாளில் இல்லை, தெருத் தெருவாக, ஆண்டுக்கணக்கில்.

சாட் மாஸில் இன்றும் ஏர் ஓட்டினால் கருமண்ணில் வெள்ளைப் பீங்கான் துண்டுகளும் பாட்டில் கண்ணாடியும் மேலே வருகின்றன. அந்தக் காலத்து வீட்டுக் குப்பையோடு வந்து சேர்ந்தவை.